அந்தக் கருவி அவர் கையில் இருக்கிறதா? இணைய ஏலத்தில் இசைக்கருவி வாங்குவோருக்கு

[திரையில்: ஓர் ஏல அறிவிப்பின் மாதிரி]

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது இந்தக் காணொளிக்காக நாங்களே தயாரித்த மாதிரி அறிவிப்பு. "1959ஆம் ஆண்டுக் கிப்சன் லெஸ் போல் கிற்றார். தாத்தா விட்டுச் சென்றது. ஏலம் ஒரே ஒரு நாள். உடனே வாங்க விரும்புவோர் கீழே உள்ள மின்னஞ்சலுக்கு எழுதவும்." கேட்கும் விலை 5,000 டொலர், ஏறக்குறையப் பதினைந்து இலட்சம் ரூபாய்.

லெஸ் போல் என்பது அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்யும் மின்கிற்றார். 1958 முதல் 1960 வரை விளிம்பில் சிவப்பும் நடுவில் மஞ்சளுமான நிறப்பூச்சுடன் வந்த லெஸ் போல் கிற்றார்கள் இன்று இலட்சக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன. அப்படிப்பட்ட ஒன்றை 5,000 டொலருக்குக் கொடுப்பதாக ஒருவர் சொன்னால், விலையே முதல் எச்சரிக்கை. ஆனால் தேர்ந்த மோசடிக்காரர் இவ்வளவு மலிவாகப் போடுவதில்லை. சந்தை விலையில் நான்கில் மூன்று பங்கைக் கேட்பார். அப்போது விலையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த விடயம் மட்டக்களப்பில் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பிள்ளைகள் இசை பயில்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மேடைக் குழுக்கள் இருக்கின்றன. தரமான கருவி வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இணையத்தில் தேட வேண்டும். பணம் பெரும்பாலும் கனடாவிலோ இலண்டனிலோ சுவிஸிலோ உள்ள உறவினருடையது. குளிரில் இரவு வேலை செய்து சேர்த்த அந்தப் பணம் முகம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஆகவே ஏல அறிவிப்பைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கருவி இவர் கையில் இருக்கிறதா?

[திரையில்: விற்பவரின் கணக்குப் பக்கம்]

முதலில் விற்பவரின் பக்கத்துக்குப் போங்கள். 400 நல்ல மதிப்பீடுகள் இருக்கின்றன என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அவை வாங்கியவராகக் கிடைத்தவையா, விற்றவராகக் கிடைத்தவையா என்று பிரித்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளாகக் குழந்தை உடுப்புகள் விற்ற கணக்கு, இடையில் இரண்டு ஆண்டுகள் உறங்கிவிட்டு, இந்த வாரம் திடீரென ஐந்து பழைய கிற்றார்களைப் போடுகிறதா? கடவுச்சொல்லைத் திருடி வேறொருவர் அந்தக் கணக்கைக் கைப்பற்றியிருக்கலாம். ஏலக் காலம் ஒரே நாளாக இருந்தால் ஐயம் கூடுகிறது, ஏனென்றால் உண்மையான உரிமையாளர் விழித்துக்கொள்வதற்குள் வேலையை முடிக்க வேண்டிய அவசரம் திருடனுக்கு உண்டு.

அடுத்தது படங்கள். அவற்றைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் விற்றுப்போன கருவியின் படமாக இருக்கலாம். கிற்றாரின் முகப்பிலும் வயலினின் முதுகிலும் ஓடும் மரவரிகள் மனிதக் கைரேகை போன்றவை. ஒரு கருவியின் வரிகள் இன்னொன்றில் அப்படியே வருவதில்லை. பழைய படத்திலும் புதிய அறிவிப்பிலும் அதே வரிகள் இருந்தால், அந்தக் கருவி இடையில் எப்படிக் கைமாறியது என்று கேளுங்கள்.

[திரையில்: சுவர் மின்செருகி பெரிதாக்கப்படுகிறது]

பின்னணியையும் பாருங்கள். விற்பவர் இலண்டன் என்கிறார். சுவரில் இருப்பதோ இரண்டு தட்டையான துளைகள் கொண்ட அமெரிக்க மின்செருகி. இங்கிலாந்தில் மூன்று செவ்வகத் துளைகள் இருக்கும். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அறிவிப்பை மூடிவிடலாம்.

படங்கள் சரியாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள். இப்போது கேள்வியைக் கேளுங்கள். "நல்ல நிலையில் இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்ற பதில்தான் வரும். கருவியைக் கையில் வைத்திருப்பவரால் மட்டும் பதில் சொல்லக்கூடியதைக் கேட்க வேண்டும். கிற்றாரென்றால் எடை எத்தனை கிலோ, பின்புற மூடியைத் திறந்தால் உள்ளே மின்கம்பிகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். வயலினென்றால் முதுகுப் பலகையின் நீளம் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். தாளில் திகதி எழுதிப் பக்கத்தில் வைத்த படத்தை இன்று கணினியே உருவாக்கிவிடும். அதனால் குறுங்காணொளி கேளுங்கள்: மூன்றாவது கம்பியை மீட்டிவிட்டு, கருவியைத் திருப்பி, தலைப்பகுதியின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. இசைக்கருவியை நேசிப்பவர் இதை மகிழ்ச்சியோடு செய்வார். மற்றவர் "அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், கருவி களஞ்சியத்தில் இருக்கிறது" என்று தொடங்குவார்.

[திரையில்: வயலினின் உட்புறச் சீட்டு]

கருவி கையில் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் கருவி அது அல்ல. இது இரண்டாவது வகை ஏமாற்று. இதற்கு வயலினை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் வயலினுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பழைய வயலின் ஒன்றின் துளைக்குள் எட்டிப் பார்த்தால் "அன்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ், கிரெமோனா" என்று அச்சிட்ட சீட்டு தெரியலாம். இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் இறந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 650 அளவில். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனியிலும் பிரான்சிலும் பட்டறைகள் பெருந்தொகையாக வயலின் செய்து, அவரது மாதிரியைப் பின்பற்றியது என்று காட்ட அதே சீட்டை ஒட்டின. அந்தக் காலத்தில் அது வழக்கம். ஏமாற்றும் எண்ணமும் அதில் இல்லை. அதை அசல் என்று இன்று ஏலத்தில் போடுவதுதான் ஏமாற்று.

சீட்டிலேயே விடை இருப்பதும் உண்டு. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருட்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது. ஆகவே சீட்டின் அடியில் ஜெர்மனியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் நிச்சயமாக 1918க்குப் பிந்தியது, ஏனெனில் அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். இந்த வயலின்கள் இழிவானவை அல்ல. நன்றாக இசைக்கும், மாணவருக்கு ஏற்றவை. மாணவர் வயலினுக்குரிய விலையைக் கொடுத்து வாங்கலாம்.

"சான்றிதழ் இருக்கிறது" என்றால், யார் எழுதியது என்று கேளுங்கள். விற்பவரே எழுதியதென்றால் அதற்கு மதிப்பில்லை. உலகப் புகழ் பெற்ற வயலின் வணிகரான டீட்மார் மாகோல்டுக்கு 2012இல் வியன்னா நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறை விதித்தது. சாதாரண வயலின்களை ஸ்ட்ராடிவாரி என்று காட்டி வங்கிக் கடன் பெற்றது அந்த வழக்கின் ஒரு பகுதி. வங்கிகளே நம்பின என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இணைய ஏலம் முழுவதுமே மோசம் என்றும் எண்ண வேண்டாம். 1721இல் ஸ்ட்ராடிவாரி செய்த "லேடி பிளண்ட்" வயலின் 2011இல் டாரிசியோ நிறுவனத்தின் இணைய ஏலத்தில்தான் 98 இலட்சம் பவுணுக்கு விற்றது. கவிஞர் பைரனின் பேத்தி ஒருகாலம் வைத்திருந்த வயலின் அது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு அதற்கு இருந்தது.

[திரையில்: கிற்றார் தலைப்பகுதி]

கிப்சன் போலிகளுக்கு இரண்டு அடையாளங்கள் சொல்கிறேன். தலைப்பகுதியில் உள்ள மணி வடிவச் சிறு தகட்டை லெஸ் போலில் இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். பல போலிகளில் மூன்று இருக்கும். 1977 முதல் 2005 வரையான பொதுவான மொடல்களில் தொடர் எண் எட்டு இலக்கம். 1994ஆம் ஆண்டுக் கருவிகள் தவிர, முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 90452 என்று தொடங்கினால் 1992ஆம் ஆண்டின் 45ஆவது நாள், அதாவது பெப்ரவரி 14. நடுவில் 412 என்று இருந்தால்? அத்தனை நாட்கள் எந்த ஆண்டுக்கும் இல்லை. எண் சரியாக இருந்தாலும் அதை இணையத்தில் தேடுங்கள். ஒரே எண்ணைப் பல போலிகளில் பொறிக்கிறார்கள்.

வீணை வாங்குவோருக்கும் ஒரு சொல். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை ஒட்டு வீணையை விட விலை கூடியது. குடமும் தண்டியும் சேரும் இடத்தை நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள். அங்கே இணைப்புக் கோடு தெரிந்தால் அது ஏகாண்டம் அல்ல.

[திரையில்: பணம் செலுத்தும் பக்கம்]

பணத்துக்கு வருவோம். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கிக் கணக்கு, வெஸ்டர்ன் யூனியன், பேபாலில் "நண்பருக்கு அனுப்புதல்", பொருள் வரும்வரை பணத்தை வைத்திருக்கும் என்று அவர் சொல்லும் இடைநிலை நிறுவனம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. தளத்தின் பாதுகாப்பு அத்தோடு போய்விடும். ஏலத்தில் தோற்றபின் "வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்" என்ற மின்னஞ்சல் வரலாம். ஈபேயில் அப்படி ஒரு வசதி உண்மையிலேயே உண்டு. உங்கள் கணக்குக்குள் சென்று அந்தச் செய்தி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போலி.

வெளிநாட்டு உறவினர் நமக்குப் பெரிய துணை. விற்பவர் டொரொண்டோ என்றால், "என் சித்தப்பா அங்கேதான் இருக்கிறார், சனிக்கிழமை பகலில் நேரில் பார்க்க வருவார்" என்று எழுதுங்கள். கருவி இல்லாதவர் இந்த ஒரு வரியோடு மறைந்துவிடுவார். உறவினர் முகவரிக்குப் பார்சல் வந்தால், அவர் அங்கேயே திறந்து, பார்த்து, வாசித்துவிட்டுத்தான் இங்கே அனுப்ப வேண்டும். முதல் முகவரியிலிருந்து வேறிடத்துக்கு அனுப்பிய பொருளுக்கு ஈபே பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

பழைய கிற்றாரில் பிரேசில் ரோஸ்வுட் மரம் என்று பெருமையாக எழுதியிருந்தால் ஏற்றுமதி அனுமதிப் பத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் உள்ள மரம் அது. பத்திரமில்லாமல் வந்தால் சுங்கம் பறிமுதல் செய்யலாம்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? இன்றே வங்கியை அழையுங்கள். கடனட்டையில் செலுத்தியிருந்தால் அந்தக் கொடுப்பனவை மறுக்கும் கோரிக்கையைக் கொடுங்கள். அறிவிப்பின் எண், படங்கள், உரையாடல்கள் எல்லாவற்றையும் அழிவதற்குமுன் சேமித்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பார்சல் "மட்டக்களப்பில் ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டி, உங்களுக்கு ஒன்றும் வரவில்லையென்றால், எந்த முகவரிக்கு எத்தனை கிலோ பொதி போனது என்ற விவரத்தை அஞ்சல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வேறொரு வீட்டுக்கு வெற்று உறை அனுப்பிவிட்டு ஒப்படைத்ததாகக் கணக்குக் காட்டுவது பழைய உத்தி. சில வாரங்கள் கழித்து, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று ஒருவர் வட்ஸ்அப்பில் வரக்கூடும். அவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.