அறுப்பு முடியட்டும் என்று நிற்காத நோய்

(மல்லாவியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே,

காலபோக நெல்லை வீடு சேர்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மலத்தோடு இரத்தம் போனால் மூலச்சூடு என்று மோர் குடிப்போம். உடம்பு மெலிந்தால் வெயில் என்போம். வைத்தியசாலைக்கு எப்போது? அறுப்பு முடியட்டும்.

அந்த இரத்தமும் மெலிவும் சயரோகமாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சயரோகம், அதாவது காசநோய், என்றதும் எல்லோரும் நெஞ்சைத் தொடுகிறீர்கள். அது குடலிலும் வரும். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற வலது அடிவயிறு அதற்குப் பிடித்த இடம். இருமல் இல்லாமலும் இருக்கலாம், நெஞ்சுப் படமும் சுத்தமாக வரலாம். அதே இடத்தில் புற்றுநோயும் வளரும். இரண்டும் ஆளை மெலியவைக்கும், இரத்தத்தைக் குறைக்கும், கட்டியாகத் தட்டுப்படும். கமரா விட்டுப் பார்த்தாலும் சிலவேளை ஒரே சாயல்தான்.

அரிதாக, இரண்டும் ஒரே குடலில் குடியிருக்கும். அங்கேதான் மருத்துவர்களாகிய நாங்களும் சறுக்குகிறோம். ஒரு விடை கிடைத்ததும் தேடுவதை விட்டுவிடுகிறோம். சயரோக மருந்து தொடங்குகிறது: வழக்கமாக முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 2 மருந்துகள். காய்ச்சல் தணிகிறது, பசி எடுக்கிறது. மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு பயந்தவரும் தேறிவிடுகிறார். இரத்தம் மட்டும் நிற்கவில்லை. மருந்து இன்னும் பிடிக்கவில்லை என்று 6 மாதத்தையும் ஓட்டினால், புற்றுநோய்க்கு நாமே தவணை கொடுத்ததாகிவிடும்.

மறுபக்கமும் உண்டு. வீங்கிய நிணநீர்க் கணுக்களைக் கண்டு புற்றுநோய் பரவிவிட்டது என்று கை விரிப்போம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவற்றில் இருப்பது சயரோகமாகவும் இருக்கலாம். அது தெரியாமல் புற்றுநோய் மருந்து ஏற்றினால், எதிர்ப்புச் சக்தி விழ, உறங்கிய கிருமி எழும்பும்.

ஆகவே தசைத்துணுக்கைத்தான் கேட்க வேண்டும். குறுணி அளவுதான் இருக்கும். பல இடங்களில் கிள்ளி எடுப்போம். எல்லாவற்றையும் துணுக்கைப் பழுதாகாமல் வைக்கும் போமலின் போத்தலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துணுக்காவது உப்புநீரில் தனியாகப் போக வேண்டும். இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், கேட்கிற நோயாளிக்கு எங்களுக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்.

எந்தச் சிகிச்சை முதலில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குடல் அடைத்துவிட்டால் கத்தி முந்தும்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறுகிறவர்கள், மார்புச் சிகிச்சை நிலையத்தில் தந்த சயரோக மருந்து அட்டையையும் பையில் வையுங்கள். சயரோக மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். அந்த அட்டை வீட்டில் ஓலைப்பெட்டிக்குள் கிடந்தால், அங்கே இருக்கிற வைத்தியருக்கு அது எப்படித் தெரியும்?