குடியை நிறுத்தும்போதே பீடியையும்

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

முக்கூடலில் மேடை போட்டுப் பீடிக்கு எதிராகப் பேசுவது லேசான காரியம் இல்லை. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்ல வரவில்லை. குடிப்பழக்கத்துக்கும் கஞ்சாவுக்கும் சிகிச்சைக்கு வருகிறவர்களின் பீடியைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

"சார், குடியை மட்டும் நிறுத்திக் குடுங்க, பீடி கெடந்துட்டுப் போவுது" என்பார்கள் வீட்டில் உள்ளவர்கள். பீடியையும் பிடுங்கினால் ஆள் மறுபடி பாட்டிலைத் தேடிப் போய்விடுவான் என்று பயம். ஒழுங்காக இருந்தால் ரெண்டு பீடி என்று அளந்து கொடுக்கிற மையங்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இதைப் பற்றி வந்த 19 ஆய்வுகளை 2004-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். போதை சிகிச்சையோடு புகையிலைக்கும் சிகிச்சை பெற்றவர்கள், பின்னாளில் குடியும் போதைப்பொருளும் தொடாமல் இருக்கிற வாய்ப்பு சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கஞ்சா அடிக்கிற பையனைப் பாருங்கள். பெரும்பாலும் சிகரெட் தூளை உதிர்த்து, அதோடு கலந்துதான் இழுக்கிறான். கஞ்சாவை விட்ட பிறகும் அதே சிகரெட், அதே பெட்டிக்கடை, அதே கூட்டாளிகள் என்றால் கை சும்மா இருக்குமா?

அமெரிக்காவில் மின்னசோட்டாவில், குடி, போதை சிகிச்சை முடித்துப் போன 845 பேரைப் பல வருஷம் கவனித்து 1996-இல் எழுதினார்கள். இறந்தவர்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையிலை காரணம். குடி காரணமானது மூன்றில் ஒரு பங்கு. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934-இல் குடியை விட்டார். வெகுகாலம் சிகரெட் பிடித்தவர், 1971-இல் நுரையீரல் நோயில்தான் போனார்.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியாக வேண்டுமா? அப்படிச் சொல்லவில்லை. குடியை நிறுத்தியதும் வருகிற கைநடுக்கம் முதலில் அடங்கட்டும். ஆனால் பீடியைப் பற்றிய பேச்சு, சேர்க்கிற அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

பீடியை நிறுத்த உதவுகிற நிக்கோட்டின் கம் வாங்கியவர்களில் பலர் அதைச் சாதா சூயிங்கம் மாதிரி சவைத்துவிட்டு, "விக்கல்தான் வருது, வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போடுகிறார்கள். ரெண்டு மூணு கடி கடியுங்கள். காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி கடியுங்கள். அரைமணி நேரம் இப்படி. முக்கியமாக, டீ, காப்பி குடித்துக் கால்மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து வாயில் சரியாக ஊறாது. நம் ஊரில் டீக்கு நேரம் காலம் ஏது! காலையில் எழுந்த அரைமணிக்குள் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. நாலுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

புகையை நிறுத்தப் புப்ரோபியான் என்றொரு மாத்திரையும் உண்டு. குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கு அது ஆகாது, வலிப்பு வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று வாங்கிவிடாதீர்கள்.

மனநோய்க்குக் குளோசபின், ஓலன்சபின் சாப்பிடுகிறவர்கள் பீடியை நிறுத்தப்போகிற நாளை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பீடிப் புகை ஈரலை முடுக்கி அந்த மருந்துகளை வேகமாகக் கரைக்கும். புகை நின்றால் அதே அளவு மருந்து ரத்தத்தில் கூடிப்போகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்கலாம். புகையிலைக்கு 1800-11-2356, போதைக்கு 14446, ரெண்டும் இலவச எண். எதில் கூப்பிட்டாலும் குடி, கஞ்சா, பீடி, மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.