சூடு எங்கே போகும்?

வணக்கம் நேயர்களே. ஏர்கான் பழுதுபார்க்கும் வேலையில் 31 வருடம் இருந்தவனை மீன் தொட்டி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், சுமார் 180 லிட்டர் உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளங்கள், கோமாளி மீன் ஒரு ஜோடி. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடெல்லாம் என் பழைய தொழிலின் முதல் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. சூடு எங்கே போகும்? இன்று இதைப் பலமுறை கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் நாட்டுக்காரர்கள் கடல் தொட்டிக்கு ஹீட்டர் வாங்குவார்கள். சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு? மத்தியானம் கூடமே 31 டிகிரி. தொட்டிக்குள் ஓடும் பம்ப் வேறு சூடு தருகிறது. தண்ணீருக்குள் இருக்கும் பம்ப் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். 50 வாட் பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடினால் 180 லிட்டரை ஆறு டிகிரி ஏற்றும் அளவு வெப்பம். நல்லவேளை, அதில் பெரும்பகுதி கண்ணாடி வழியாகவும் மேல்பரப்பு வழியாகவும் வெளியேறிவிடுகிறது. ஆனால் வீடே சூடாக இருந்தால் அது எங்கே போகும்?

சூடானால் என்ன என்று கேட்பீர்கள். பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைக்கிற சாப்பாட்டில்தான் பவளம் பிழைக்கிறது. வெப்பம் அளவு மீறினால் அதே பாசி நஞ்சாகும் பொருள்களை உண்டாக்க, பவளம் அதை வெளியே தள்ளிவிடும். பிறகு கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளை எலும்புக்கூடு தெரியும். வெளுத்துப்போச்சு என்கிறோமே, அதுதான். கடலிலும் இதே கதைதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். நம் தென் தீவுகளில் 1998இலும் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தன.

இங்கே ஒரு நல்ல கேள்வி வரும். "நம்ம கடலே 29, 30 டிகிரி இருக்கே, தொட்டியை மட்டும் ஏன் 26இல் வைக்கணும்?" கடல் பெரியது, மெதுவாகத்தான் மாறும். தொட்டி ஒரு மத்தியானத்திலேயே மாறிவிடும். 26இல் இருந்தால், ஏதாவது நின்றுபோனாலும் நமக்கு நான்கைந்து டிகிரி அவகாசம். 30இல் வைத்தால் அவகாசமே இல்லை. அதோடு, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் வேண்டும்.

சரி, எப்படிக் குளிர்விப்பது? மண்பானை தெரியும் அல்லவா? தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலும் அதே வேலைதான். ஒரு லிட்டர் ஆவியானால் 180 லிட்டரை மூன்று டிகிரிக்கு மேல் இறக்கும் வெப்பம் அதோடு போகும். ஆனால் இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. அதனால் விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும். அப்புறம், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

விசிறி போதாவிட்டால் சில்லர். அது ஏர்கானின் தம்பிதான். உள்ளே ஒரு சுருள்குழாய், அது டைட்டானியத்தில் இருக்கும். ஏர்கானில் இருப்பது செம்பு. செம்பை உப்பு அரித்துவிடும், கரைந்த செம்பு பவளத்தைக் கொன்றுவிடும். தண்ணீரின் சூட்டைப் பிடுங்கிப் பின்பக்கம் காற்றில் கொட்டுவதுதான் சில்லரின் வேலை.

ஜூரோங் பக்கம் ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். "அங்கிள், சில்லர் நிக்காம ஓடுது, தண்ணி மட்டும் 31க்கு மேலயே நிக்குது. கேஸ் போச்சா?" போய்ப் பார்த்தேன். கூடத்தில் தொட்டி இருக்கிறது, தண்ணீர் 31.4. சில்லரைக் காணோம். "எங்கேப்பா?" என்றேன். ஷெல்டரைக் காட்டினார். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் இருக்குமே, இரும்புக் கதவு போட்ட கான்கிரீட் அறை. அம்மா சீரியல் பார்க்கும்போது சில்லர் உறுமுகிறது என்று திட்டியிருக்கிறார். இவர் அதை உள்ளே வைத்து, பைப் போகிற இடுக்கை மட்டும் விட்டுக் கதவைச் சாத்தி, அந்த இடுக்கிலும் ஒரு பழைய துண்டைத் திணித்திருந்தார்!

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. உள்ளே 43 டிகிரி. அரிசி மூட்டை, தீபாவளி விளக்குப் பெட்டி, நடுவில் சில்லர். டின்னில் இருந்த முறுக்குகூட வெதுவெதுப்பாக இருந்தது, சாப்பிட்டுப் பார்த்தேன். தொட்டியின் சூடு, அதோடு கம்ப்ரசரின் சூடு, எல்லாம் அந்த அறைக்குள்தான். கொஞ்ச நேரம் ஓடும், சூடு தாங்காமல் கம்ப்ரசர் தானாக நிற்கும், மறுபடி ஓடும். விசிறிச் சத்தம் மட்டும் நிற்காததால் அவர் ஓடுகிறது என்றே நினைத்திருக்கிறார். கேஸ் போகவில்லை. அவரிடமும் இதைத்தான் கேட்டேன்: சூடு எங்கே போகும்?

சமையலறை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்தோம். சுவருக்கும் சில்லருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, பின்வலையில் இருந்த தூசியைப் பழைய டூத் பிரஷால் தட்டினேன். மறுநாள் சாயங்காலம் 26.5. வெளுத்திருந்த மான்கொம்புப் பவளம் இரண்டில் ஒன்று செத்தது, ஒன்று இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியது. அம்மாவுக்கு? டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். ஊருக்குப் போகும்போது தொட்டியை எப்படி விட்டுப்போவது என்று பெரிதாகச் சொல்லலாம் என்றிருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். தெர்மாமீட்டர் இரண்டு வையுங்கள், மலிவானது ஒரு டிகிரி பொய் சொல்லும். பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று. உறையவைத்த ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று நம் தொட்டியைச் சுமார் ஒரு டிகிரி இறக்கும். பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள், பனிக்கட்டியை நேராகப் போடாதீர்கள், உப்பு நீர்த்துப்போகும். ஒரேயடியாக நான்கு பாட்டில் போட வேண்டாம், மெதுவாக இறக்குங்கள். சரி, இப்போது ஒரு விரல் காட்டுகிறார். வணக்கம் நேயர்களே.