தஞ்சாவூர்ல சோழர் அரண்மனை எங்க போச்சு?

வணக்கம் மக்களே. பெரிய கோயில்ல விமானத்துக்கு அடியில நிக்கிறேன். இங்க வர்ற எல்லாரும் கேமராவை மேல தூக்குவாங்க. நான் கீழ காட்டப் போறேன். இந்தக் கல்லைச் சுத்தி வெட்டியிருக்கு பாருங்க, இந்த எழுத்துக்காகத்தான் வந்தேன்.

தஞ்சாவூர் சோழர்களோட தலைநகரம். ஆனா ராஜராஜன் குடியிருந்த அரண்மனை எங்கயும் கண்ணுல படாது. ஊருக்குள்ள இப்போ இருக்கிறது நாயக்கர், மராட்டியர் காலத்து அரண்மனை. அந்தத் தலைநகரம் எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா இந்தச் சுவர்கிட்டதான் வரணும்.

கோயில் 1010-ல முடிஞ்சுது. அங்க ஆடிப் பாடிச் சேவை செய்யன்னே 400 பெண்களை, திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம்னு சோழமண்டலத்துக் கோயில்கள்ல இருந்து கூட்டிட்டு வந்து குடிவச்சாங்க. தளிச்சேரிப் பெண்டுகள்னு பேர். தளிச்சேரின்னா கோயிலை ஒட்டி அவங்க குடியிருந்த தெருக்கள். ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தாங்கங்கிறதும் கல்லுல இருக்கு. அதோட முகவரியும் இருக்குங்க! தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, இத்தனாவது வீடு. சிறகுன்னா தெருவோட ஒரு பக்கத்து வரிசை. ஒரு ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். அவங்க இறந்துட்டா தகுதியுள்ள சொந்தக்காரங்க அந்த வேலைக்கு வரலாம். ஆயிரம் வருஷம் முன்னாடி வாழ்ந்த ஒரு பெண்ணோட வீட்டு வரிசை நம்ம கையில இருக்கு. முதல்தடவை இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. ஆனா அவங்க விரும்பித்தான் ஊரை விட்டு வந்தாங்களா? அதைப் பத்தி கல்லுல ஒரு வார்த்தை இல்ல. அது எனக்கு உறுத்திட்டேதான் இருக்கு.

திருப்பதியம், அதாவது தேவாரப் பாட்டு பாட 48 பேர், கூட உடுக்கை ஒருத்தர், கொட்டி மத்தளம் ஒருத்தர். கணக்கு எழுதுறவங்க, தையல்காரர், நாவிதர்னு பட்டியல் போய்க்கிட்டே இருக்கு.

சரி, இத்தனை பேருக்கும் படியளக்கிற காசு எப்படிச் சுத்துச்சு? கோயில் பணத்தைக் கிராமத்துச் சபைகளுக்குக் கடன் கொடுத்தாங்க. காசு ஒண்ணுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு, அதாவது நூத்துக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில சாமி குளிக்கிற தண்ணியில போட ஏலக்காயும் செண்பக மொட்டும் வாங்கியிருக்காங்க. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கயோ ஒரு ஊர்ச் சபை கட்டுற வட்டி, இங்க கருவறையில செண்பகமா மணக்குது!

விளக்கு விஷயமும் அப்படித்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை இடையர்கள்கிட்ட ஒப்படைப்பாங்க, அவங்க தினமும் ஒரு உழக்கு நெய் கொண்டுவந்து ஊத்தணும். கிழடாகிற ஆட்டுக்குப் பதில் குட்டி வந்துடும், கணக்கு குறையாது. அதனாலதான் 'சாவா மூவாப் பேராடு'ன்னு சொன்னாங்க.

இங்க நெல் அளக்கிற மரக்காலுக்கு 'ஆடவல்லான்'னு பேர். பொன் நிறுக்கிற கல்லுக்கும் அதே பேர்தான். ஆடவல்லான் நம்ம நடராஜர். கடவுள் பேர்லயே படி, கடவுள் பேர்லயே எடைக்கல்.

இதையெல்லாம் கல்லுல வெட்டச் சொன்னது ராஜராஜனேதான். வாங்க, கிட்டப் போய்க் காட்டுறேன். வெளிச்சம் சாய்வா விழுறதால இப்போ நல்லாத் தெரியும். விரல் வைக்காம படிக்கிறேன்: "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்…" அக்கன்னா அவரோட அக்கா குந்தவை. நம் பெண்டுகள்னா இங்க அவரோட ராணிகள். தனக்கு அடுத்த இடத்துல அக்காவை வச்சிருக்காரு பாருங்க.