ரசீது எங்கே என்று கேட்ட அண்ணனுக்கு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். வணக்கத்துக்கு இதற்கு மேல் ஒதுக்க முடியாது.

தலைப்பு தெரியும் உங்களுக்கு. கிறிஸ்தவ விசுவாசம் எதன் மேல் நிற்கிறது? தேவன் செய்த செயல்களின் மேலா, தேவனுடைய குணத்தின் மேலா? நாங்கள் குணத்தின் பக்கம். ஒழுங்காகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தில் தொடங்கி நான்கு பக்கம் எழுதி, இதோ, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும். ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனார், நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் உட்காரப் போவதில்லை.

என்ன சொன்னார்? "குணத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? கடல் பிளந்ததைப் பார்க்கலாம். குருடன் பார்வை பெற்றதைப் பார்க்கலாம். அதெல்லாம் கையில் இருக்கிற ரசீது. குணத்தை நம்புவது, பணத்தைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற மாதிரி. ரசீது எங்கே தம்பி, ரசீது?"

அண்ணே, நாம் யாரிடம் ரசீது கேட்போம்? முன்பின் தெரியாதவனிடம் கேட்போம். நாளைக்கு மாற்றிப் பேசுவானோ என்று பயமாக இருக்கிறவனிடம் கேட்போம். முதல் மாதச் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்டவர் இந்த அரங்கத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பாருங்கள், ஒரு கைகூட இல்லை. மனைவியிடம் கொடுத்தவர்களில் சிலருக்குக் கேட்க ஆசை இருந்திருக்கும், தைரியம் வந்திருக்காது. அது வேறு வழக்கு.

சரி, ரசீதுக்கே வருகிறேன். உலகத்திலேயே பெரிய ரசீது வாங்கியவர்கள் இஸ்ரவேலர். வலப்பக்கம் தண்ணீர் மதில், இடப்பக்கம் தண்ணீர் மதில், நடுவில் கால் நனையாமல் நடந்தார்கள். அக்கரை ஏறியதும் பாட்டு, நடனம், மிரியாம் கையில் தம்புரு. அதற்கப்புறம் எத்தனை நாள் தாங்கியது? மூன்று நாள்! யாத்திராகமம் பதினைந்தாம் அதிகாரம், அந்தப் பாட்டு முடிந்த கையோடு படித்துப் பாருங்கள். சூர் வனாந்தரத்தில் தண்ணீர் இல்லை, மாராவில் கிடைத்த தண்ணீரும் கசப்பு. உடனே "என்னத்தைக் குடிப்போம்" என்று மோசேயின் சட்டையைப் பிடிக்காத குறை. கடலையே இரண்டாகக் கிழித்தவருக்கு ஒரு குடம் தண்ணீர் பெரிய விஷயமா என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ரசீதில் மை காயவில்லை அண்ணே!

புதிய ஏற்பாட்டுக்கு வாருங்கள். ஐந்து அப்பம், இரண்டு மீன், ஆண்கள் மட்டும் சுமார் 5,000 பேர். மீந்தது பன்னிரண்டு கூடை. மறுநாள் அதே கூட்டம் இயேசுவைத் தேடிப் பிடித்துக் கேட்கிறது: "உம்மை விசுவாசிக்கும்படிக்கு நாங்கள் காணத்தக்கதாக நீர் என்ன அடையாளத்தைக் காண்பிக்கிறீர்?" நேற்றைய ஏப்பம் இன்னும் அடங்கவில்லை, அதற்குள் அடையாளம் கேட்கிறார்கள். செயலைப் பார்த்து வந்த விசுவாசத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள். அடுத்த நாள் அடுத்த செயல் வேண்டும்.

இப்போது அண்ணன் ஒரு குறிப்புச் சீட்டில் எதையோ எழுதுகிறார். என்னவென்று எனக்குத் தெரியும். "செயலே இல்லாமல் குணம் எப்படித் தெரியும்?" என்று எழுதுகிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் அதை வேகமாகக் கடக்கிறேன்.

மோசே அப்படிக் கடக்கவில்லை. ஜனங்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட விவகாரம் முடிந்த நேரம். ஜனங்கள் மானத்தை வாங்கிவிட்டார்கள், கற்பலகைகள் உடைந்து கிடக்கின்றன. மோசே தேவனிடம், "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கேட்கிறான். பத்து வாதைகளைக் கண்ணால் பார்த்தவன், கடலுக்கு மேல் கோலை நீட்டியவன். அவன் கையில் இல்லாத ரசீதா? இருந்தும் கேட்கிறான், பார்த்தது போதவில்லை. தேவன் என்ன காட்டினார்? இன்னொரு கடலைப் பிளக்கவில்லை. தன் குணத்தைச் சொன்னார். "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." மகிமையைக் கேட்டவனுக்குக் கிடைத்த பதில் இதுதான்.

இந்த வரியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதே வரியைப் பல நூறு வருடம் கழித்து ஒரு தீர்க்கதரிசி தேவன் மேல் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறான். யோனா!

யோனா கதை தெரியுமா என்று யாரைக் கேட்டாலும், "தெரியுமே, மீன்" என்பார்கள். மீனை விடுங்கள். மீனுக்கு அந்தக் கதையில் சின்ன வேடம். யோனா ஏன் ஓடினான்? அதுதான் கதை. "நினிவேக்குப் போ" என்று கட்டளை. நினிவே கிழக்கே, இன்றைய ஈராக்கில் மோசூல் இருக்கிற இடத்தில். யோனா யோப்பாவுக்குப் போய், நேர் எதிர்த்திசையில் தர்ஷீசுக்குப் போகிற கப்பலில் ஏறுகிறான். கூலி கொடுத்து ஏறினான் என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறது. அண்ணே, முழுக் கட்டணம்! உங்கள் கணக்குப்படி ரசீதும் வாங்கியிருப்பான். போய்ச் சேர்ந்தானா?

புயல் வந்தது, கடலில் போட்டார்கள், மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தான். மறுபடியும் அதே கட்டளை, "நினிவேக்குப் போ." ஈர உடையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறான். போய் ஒரு பிரசங்கம் செய்கிறான். "இன்னும் நாற்பது நாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்." அவ்வளவுதான். எபிரெய மூலத்தில் ஐந்தே சொற்கள். மனந்திரும்புங்கள் என்று சொல்லவில்லை, இரக்கம் உண்டு என்று வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையை மாட்டிவிட்டுப் போகிற மாதிரி சொல்லிவிட்டு நடந்தான். வேண்டா வெறுப்பாகச் செய்த அந்தப் பிரசங்கத்துக்கு ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஊர் முழுக்க இரட்டு, துக்கத்துக்கு உடுத்துகிற சாக்குத்துணி. மாடுகளும் ஆடுகளும்கூட உபவாசம்! தேவன் மனமிரங்கிவிட்டார்.

வேறு எந்தப் பிரசங்கியாக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பான். யோனாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது: "நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர் என்று அறிவேன். அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன்!" புரிகிறதா? தேவன் தண்டித்துவிடுவாரோ என்று பயந்து அவன் ஓடவில்லை, மன்னித்துவிடுவாரே என்று பயந்து ஓடினான். மோசே காதில் ஆறுதலாக விழுந்த வரி, யோனா வாயில் புகாராக வருகிறது.

அவன் எரிச்சலிலும் நியாயம் உண்டு. நினிவே அசீரியர்களின் ஊர், அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. யோனாவுக்குப் பிற்பாடு, கி.மு. 701இல், அவர்களுடைய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்தான். பிடித்து, கைதிகளின் தோலை உரிப்பதைத் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான். அந்தக் கற்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அப்பேர்ப்பட்ட வம்சத்தை மன்னிக்கிற கடவுளை யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் நடுவரே, ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யோனா ஓடும்போது நினிவே விஷயத்தில் தேவன் இன்னும் எதுவுமே செய்யவில்லை. ஒரு செயலும் இல்லை. அவர் என்ன செய்வார் என்று இவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எப்படி? குணம் தெரியும். அவர் குணத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை, கையிலிருந்த காசைப் போட்டுக் கப்பலேறி எதிர்த்திசையில் ஓடுகிற அளவுக்கு! விசுவாச வீரர்கள் பட்டியலில் இவனைச் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பேன், கடைசி வரிசையிலாவது.

அந்தப் புத்தகம் எப்படி முடிகிறது? ஒரு கேள்வியோடு. வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கு அதிகமானவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று தேவன் கேட்கிறார். யோனாவின் பதில் எழுதப்படவே இல்லை.

ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய ஆளைச் சந்தேகப்படுவதும் துன்பம் என்று தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்கிறான். இன்னது அல்ல, இன்னார். ரசீதில் இன்னது என்றுதான் எழுதியிருக்கும்.

எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர். "விடுவிக்காமற்போனாலும்" உமது பொற்சிலையைப் பணியமாட்டோம். அந்த "போனாலும்" என்ற ஒரு சொல்லுக்கு எந்தச் செயலைச் சாட்சியாகக் கொண்டுவருவீர்கள்? சூளையிலிருந்து வெளியே வந்த பிறகு சொன்ன சொல் இல்லை அது. உள்ளே போவதற்கு முன்னால் சொன்னது.

முதல் மணி அடித்துவிட்டது. தெரியும் ஐயா, முடிக்கிறேன்.

அண்ணன் ரசீது என்றதும் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வேறு ரசீதுகள் ஞாபகம் வந்துவிட்டன. எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஒன்பது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்தொன்பது நாள். சபையில் முழங்காலில் நிற்காதவர்கள் இல்லை. கட்டின ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது கொடுத்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் நான்காக மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்தாள். இருபதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ரசீது எல்லாம் இருந்தது. தம்பி இல்லை.

அப்புறம் அம்மா வேதாகமத்தைத் தொடவில்லை. ஆராதனைக்கு வரவில்லை. யார் வந்து ஜெபித்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் முணுமுணுப்புக் கேட்டு விழித்தேன். கதவோரம் நின்று கேட்டேன். "உம்மோட நான் பேச மாட்டேன். சொல்லிட்டேன். இனிமே உம்மோட பேச மாட்டேன்." திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் இருக்கும்.

பேச மாட்டேன் என்பதை யாரிடம் சொல்கிறாள் ஐயா? அவரிடமேதானே!

சிலுவையில் தொங்கியவரும் ஏன் என்று கேட்டார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்பதற்கு முன்னால், "என் தேவனே, என் தேவனே" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் கேட்டார். அந்த நேரத்தில் வானத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. இருட்டுதான் இருந்தது.

இரண்டாம் மணி. இதோ, ஒரே நிமிடம்.

போன வருடம் அலமாரியைத் துடைக்கும்போது அம்மாவின் வேதாகமம் கையில் வந்தது. அதே பழைய ரசீதுகள், எழுத்தெல்லாம் மங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாக. இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்று உருவப் போனேன். அம்மா அடுத்த அறையிலிருந்து சத்தம் போட்டாள்.

"அதை எடுக்காதப்பா. வாசிச்ச இடம் தவறிப்போகும்."

நன்றி. வணக்கம்.