மூலிகை எக்ஸ்ட்ராக்ட் இன்ஃப்ளமேஷன குறைச்சிருச்சு, சரி, வைரஸ் என்னாச்சு?

ஹாய் எல்லாருக்கும் வணக்கம், "வைரஸ் தாக்குன செல்லுல இந்த மூலிகை அழற்சிய, அதான் இன்ஃப்ளமேஷன, குறைச்சிருச்சு"ன்னு அடிக்கடி ஒரு ஃபார்வர்ட் வரும்ல, அதுக்குப் பின்னாடி லேப்ல என்னதான் பண்றாங்கன்னு இன்னைக்கு பேசலாம்.

நிறைய பேர் எடுக்கிறது ஏ549ன்னு ஒரு செல், 1972ல ஒருத்தரோட நுரையீரல் கேன்சர் கட்டியில இருந்து எடுத்து வளத்தது, இன்னும் உலகம் பூரா லேப்ல பெருகிக்கிட்டே இருக்கு. அத 96 குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல போட்டு, இன்ஃப்ளூயன்சா மாதிரி ஒரு வைரஸ விட்டு, எக்ஸ்ட்ராக்ட ஊத்தி, அப்புறம் மேல நிக்கிற திரவத்துல இன்டர்லூகின் 6, 8 எல்லாம் எவ்ளோ இருக்குன்னு எலிசான்னு ஒரு டெஸ்ட்ல அளப்பாங்க. இதெல்லாம் செல்லு வெள்ளையணுக்கள உஷார் பண்றதுக்கு விடுற சிக்னல்.

வைரஸோட ஆர்என்ஏவ செல்லு மோப்பம் புடிச்சதும் என்எஃப் கப்பா பின்னு ஒரு புரதம் நியூக்ளியஸுக்குள்ள போய் அந்த சிக்னல்கள தயாரிக்கிற ஜீன்கள ஆன் பண்ணும். நிலவேம்புல ஆண்ட்ரோகிராஃபோலைடுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது அந்த புரதத்தோட பி50 பாகத்துல 62வது இடத்துல இருக்கிற சிஸ்டீன்கிற அமினோ அமிலத்துல போய் கப்புனு ஒட்டிக்கும், அப்புறம் அதால டிஎன்ஏல உக்கார முடியாது. செம மெக்கானிசம், எனக்கு ரொம்ப புடிச்சது.

ஆனா செத்த செல்லும் இன்டர்லூகின் விடாதுங்க! அதனால எம்டிடி டெஸ்ட் பண்ணுவாங்க, மஞ்ச கலர் சாயம், உயிரோட இருக்கிற செல்லு அத ஊதாவா மாத்தும். இதுலயும் ஒரு வில்லங்கம், ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிற எக்ஸ்ட்ராக்ட் செல்லே இல்லாத குழியிலயும் அந்த சாயத்த ஊதாவாக்கிரும், ஆக செல்லு செத்துப்போயிருந்தாலும் ரீடிங் என்னவோ "எல்லாம் நலம்"னு வரும். எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஊத்துன ஒரு வெறுங்குழிய கூடவே வச்சாங்களான்னு பாருங்க.

அப்புறம் வைரஸ் குறைஞ்சுதா? அதுக்கு பிளேக் அஸேன்னு தனியா பண்ணணும், செல்லு செத்த இடமெல்லாம் ஓட்ட ஓட்டயா தெரியும், அத எண்ணணும். சிக்னல் மட்டும் குறைஞ்சு வைரஸ் அப்படியே இருந்தா, போன சைலன்ட்ல போட்டுட்டு கால் வரலைன்னு சொல்ற கதைதான்.

அழற்சிய அடக்குறது எப்பவும் நல்லதும் கிடையாது. 2020ல பிரிட்டன்ல நடந்த ரெகவரிங்கிற பெரிய மருந்து ட்ரையல்ல, அழற்சிய அடக்குற டெக்ஸாமெத்தசோன்கிற ஸ்டீராய்ட குடுத்தப்போ வென்டிலேட்டர்ல இருந்த கோவிட் நோயாளிங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுச்சு, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் தெரியல. எப்ப குடுக்கிறோம்கிறதுலதான் இருக்கு விஷயம். லேப்ல பாத்தா பல நேரம் வைரஸ விடுறதுக்கு முன்னாடியே எக்ஸ்ட்ராக்ட ஊத்தி வச்சிருப்பாங்க, நம்ம காய்ச்சல் வந்தப்புறம்தான மருந்தே தேடுறோம்? அதுபோக ஆண்ட்ரோகிராஃபோலைட குடிச்சா ரத்தத்துல போய் சேர்றது ரொம்ப கம்மி, தட்டுல ஊத்துற அளவ அதோட ஒப்பிடவே கூடாது.

உங்ககிட்ட இந்த மாதிரி ஏதாவது பேப்பர் இருந்தா, எக்ஸ்ட்ராக்ட வைரஸுக்கு முன்னாடி ஊத்துனாங்களா பின்னாடியான்னு பாத்து கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோல எடுத்துக்கலாம்.