எந்தத் துவக்கு ரவை, எந்த இடம்

வணக்கம். செப்டெம்பர் 25 வந்தால் நோர்வேயில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்கிவிடும். உங்கள் வேலையிடத்திலும் ஓரிருவர் லீவில் போய், திரும்பி வந்து உறைந்த இறைச்சிப் பொதி ஒன்றை நீட்டியிருப்பார்கள், நீங்களும் ஊர்த்தூள் போட்டுக் கறியாக்கியிருப்பீர்கள். அந்த வேட்டைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். புதிதாக வரும் தம்பிமார் முதலில் கேட்பது, "அண்ணை, பெரிய துவக்குத்தானே நல்லது?"

இந்தக் கேள்வி வந்தாலே நான் பெல்லின் கதைக்குப் போய்விடுவேன், வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. பெல் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உகண்டாவின் கரமோஜாப் பக்கம் தந்தத்துக்காக யானை சுட்டவர். ஆயிரத்துக்கு மேல் சுட்டார், இன்றைக்குக் கேட்க வயிற்றைக் கலக்கும், அதை மெச்ச நான் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் தோளை உடைக்கிற துவக்குகளோடு அலைய, இவர் பெரும்பாலும் பாவித்தது 7 மில்லிமீற்றர் மவுசர் துவக்கு, மான் சுடப் போதுமான அளவு. யானை மண்டையை வாளால் அறுத்து, எந்தப் பக்கம் நின்றால் மூளை எங்கே அகப்படும் என்று படித்து வைத்திருந்தார். அந்த மண்டைக்குள் பெரும்பகுதி தேன்கூடு மாதிரி காற்றறை எலும்புதான், மூளை பின்னால் கிடக்கிறது. அதை வளையாமல் துளைத்துப் போக, முழு உலோக உறை போட்ட, பட்டதும் விரியாத ரவை அவருக்குத் தேவைப்பட்டது.

சரி, அதே ரவையை எல்க்கின் நுரையீரலுக்கு விட்டால்? ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்விடும், சின்னத் துளைதான், மிருகம் வெகுதூரம் ஓடிப்போய் மெல்லச் சாகும். அதனால் இங்கே பெரிய மிருகத்துக்கு விரியும் ரவைதான் சட்டம், அதுவும் எல்க்குக்கு 9 கிராமுக்குக் குறையக்கூடாது. ஆக, எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் ரவை. பழைய 6.5 மில்லிமீற்றர் தோட்டாவே 10 கிராம் ரவையோடு எத்தனையோ தலைமுறையாக எல்க்கை வீழ்த்துகிறது. பெரிய துவக்கின் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவரை விட, சின்னதை நிதானமாகப் பிடிப்பவர் மேல்.

இடம் என்றால், மிருகம் பக்கவாட்டில் நிற்கவேண்டும். முன்காலின் பின்விளிம்போடு கண்ணை மேலே கொண்டுபோங்கள், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அங்கேதான். எல்க்குக்கு முதுகில் திமில் உண்டு, அதையும் சேர்த்து நடுவை அளந்தால் வெடி உயர்ந்துபோகும். நேரே உங்களைப் பார்த்து நிற்கிறதா, பின்புறம் காட்டுகிறதா, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழவேண்டும் என்ற சோதனை இதற்குத்தான். நுரையீரலில் பட்ட எல்க் சிலவேளை ஒன்றும் நடக்காதது போல நிற்கும், தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிற்கிற வரைக்கும் இன்னொன்று போடுங்கள்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், காயப்பட்டதைத் தேடுகிற நாய்களைப் பற்றித்தான் பேச நினைத்து வந்தேன், முடியாது போலிருக்கிறது. நாய் ஏற்பாடு இல்லாமல் வேட்டைக்கு இறங்கக்கூடாது, அது சட்டம். அப்புறம் ஈயம், அது நஞ்சு. ஈய ரவையால் சுட்ட இறைச்சி என்றால் காயத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் தாராளமாக வெட்டி எறியுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதானால் செப்பு ரவைக்கு மாறிவிடுங்கள். வணக்கம்.